சந்தோசத்துக்கு யார் சாட்சி?

2018 ஜனவரி 22ஆம் தேதி சென்னையில் ஏ. ஈ. மனோகரன் இறந்தார். பத்திரிகைகள் 'காலமானார்' என்று எழுதின. நம்ம ஊர்ப்பக்கம் 'சுராங்கனி பாடின சிலோன் மனோகர் செத்துட்டாராம்ல' என்று பேசிக்கொண்டார்கள். இலங்கைத் தமிழர்கள் அவரைப் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்பார்கள். தமிழ்நாட்டு சினிமா பார்த்தவர்களுக்கு அவர் அடியாளாகவும் வில்லனாகவும் வந்துபோன ஒரு முகம். ஆறுமுகநேரி, காயல்பட்டினம், புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் என்று நீளும் இந்தக் கரையில் 1970களில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு அவர் ஒரு குரல். முகம் தெரியும் முன்னே வந்துசேர்ந்த குரல்.

செத்த மறுநாளே அவர் பாட்டுகள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டன. பத்திருபது வருசமாக அவரை யாரும் நினைத்ததில்லை. செத்ததும் எல்லாரும் தேடித் தேடிக் கேட்கிறார்கள். இது மனோகரனுக்கு மட்டும் நடந்த கதை கிடையாது. 2009 ஜூன் 25இல் மைக்கேல் ஜாக்சன் செத்தபோதும் இதே கதைதான். அவர் தோல் நிறத்தையும் மூக்கையும் வைத்துக் கேலி பேசிக் காசு பார்த்த பத்திரிகைகளே கண்ணீர் வடித்தன. அவரை மறந்துபோயிருந்தவர்கள் கடைக்கு ஓடிப் பழைய பாட்டுத் தட்டுகளை வாங்கினார்கள். உயிரோடு இருக்கும் கலைஞனிடம் நமக்கு ஆயிரம் கணக்கு இருக்கிறது. செத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. பாட்டு மட்டும் மிச்சமாகிறது. அதனால் காது திறக்கிறது என்று இதைப் பொதுவாக விளக்கிவிடலாம்.

ஆனால் 'பொதுவாக' என்று சொல்லும்போதே நாம் கொஞ்சம் உஷாராக வேண்டியிருக்கிறது. சாவுக்கும் இசைக்கும் உள்ள உறவு இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவானதாக இருந்ததில்லை. சாவு வீட்டில் பறையடிப்பது நம்மில் ஒரு பகுதியினர்மீது சுமத்தப்பட்ட வேலை. பண்ணையார் வீட்டில் சாவு என்றால் சொல்லி அனுப்புவார்கள், போயாக வேண்டும். செத்தவர் உயிரோடு இருந்தபோது நம்மைத் திண்ணையில் ஏற விட்டிருக்க மாட்டார், பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டார். அவருக்குத்தான் சுடுகாடு வரைக்கும் அடித்துக்கொண்டு போக வேண்டும். நெல்லோ சில்லறையோ கள்ளோ தூக்கிப் போடுவார்கள். பறையின் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்த்து அடிக்கும் அந்தக் கலைக்கு 'தீட்டு' என்றுதான் பேர் வைத்தார்கள். மற்றவர்களுக்குச் சாவுக்குப் பிறகு கேட்கும் இசை என்பது ஏக்கமாகவோ நினைவஞ்சலியாகவோ இருக்கலாம். நமக்கு அது ஊழியமாக இருந்தது.

இப்படிப்பட்ட சரித்திரம் உள்ள ஒரு சனம், தன்னை யாரென்றே அறியாத ஒரு பாடகன் செத்த பிறகு, யாரும் சொல்லி அனுப்பாமலே அவன் பாட்டைத் தேடிப் போய்க் கேட்கிறது என்றால், அங்கே நடப்பது என்ன? தோழர் ஒருவர் கேட்டார்: 'ஏம்ப்பா, சுராங்கனியில என்னப்பா அரசியல் இருக்கு? செத்தவன் பாட்டு நமக்குச் சோறா போடும்?' கிண்டலாகக் கேட்டாலும் இது நியாயமான கேள்வி. அதற்கு இசையின் மேன்மை, கலையின் அமரத்துவம் என்று சபாக்காரர்கள் சொல்லும் பதிலைச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. வேறு வழியாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தப் பாட்டு நம்ம தெருவுக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1952இல் இந்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமல் போனது. அந்த இடத்தைச் சாஸ்திரிய சங்கீதம் எடுத்துக்கொண்டது. ஆர்மோனியத்துக்கு அங்கே 1940இலேயே தடை போட்டிருந்தார்கள். அது 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. யாருடைய ரசனை, யார் கெடுப்பது, யார் காப்பாற்றுவது என்றெல்லாம் நாம் கேட்க முடியாத காலம் அது. சுத்தம் பார்ப்பது கோயிலில் தொடங்கி கிணற்றுக்கு வந்து, அங்கிருந்து வானொலி வரைக்கும் வந்துவிட்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியது. அதற்குள் சனங்கள் முள்ளைத் திருப்பிவிட்டார்கள். இலங்கை வானொலி கடலைத் தாண்டிக் கணீரென்று கேட்டது. தூத்துக்குடிக் கரைக்குக் கொழும்பும் பக்கம்தான். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்கள் பேர் நம் வீடுகளில் சொந்தக்காரர் பேர் மாதிரிப் புழங்கியது.

சிலோன் நமக்கு வெறும் வானொலிப் பெட்டியும் கிடையாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கப்பலேறிப் போனவர்களில் நம்ம சனம் ஏராளம். காயல்பட்டினத்து மரைக்காயர்களுக்குக் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம். முத்துக்குளிப்பு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பொதுவான தொழில். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழர்களைப் பங்கு பிரித்தார்கள். ஆடுமாட்டைப் பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் திரும்பி வந்தவர்கள் தெக்கத்தி மாவட்டங்களிலும் குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் 'பொப்' என்பார்கள், நாம் 'பாப்' என்போம்.

ரேடியோ வைத்திருக்க அன்றைக்கு லைசென்ஸ் வேண்டும். வருசா வருசம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். நம்ம தெருவில் அந்த வசதி எத்தனை வீட்டுக்கு இருந்திருக்கும்? டீக்கடையில் ரேடியோ இருந்தது. அந்தக் காலத்து டீக்கடை எப்படி இருந்தது என்று இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்குத் தனிக் கிளாஸ்; வெளியே நின்று குடித்து, கழுவிக் கவிழ்த்திவிட்டுப் போக வேண்டும். ஆனால் ரேடியோச் சத்தத்துக்குத் தனிக் கிளாஸ் கிடையாது. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் வெளியே புளியமரத்தடியில் நிற்பவன் காதுக்கும் அது ஒரே நேரத்தில் போனது. உடம்பு போக முடியாத இடத்துக்கு ஒலி போய் வந்தது. அந்த ஒலியில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே பாடினான். கித்தார், கொட்டு, கூட ஒரு கூட்டத்தின் கைத்தட்டல். அது மனோகரன்.

ஆறுமுகநேரியைச் சுற்றி உப்பளம். நாட்டிலேயே குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது இந்தத் தூத்துக்குடிக் கரையில்தான். விடிகிறதுக்கு முன்னாலேயே அளத்துக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் வாரி முடிக்க வேண்டும். காலெல்லாம் வெடிப்பு, கண்ணெல்லாம் வெள்ளை. அளத்தில் வேலை பார்த்தவன் செத்தால் உள்ளங்கால் மட்டும் தீயில் வேகாது என்று நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு உப்பு ஏறியிருக்குமாம். அந்தக் கால்கள்தான் அம்மன் கொடையில் நையாண்டி மேளத்துக்கு ஆடின. கொடைக்கு மைக் செட் கட்டி, வேப்பமரத்தில் குழாய் ஏற்றி, இசைத்தட்டு போட்ட நாளில் அதே கால்கள்தான் சுராங்கனிக்கும் ஆடின. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தாளத்தைக் கால் ஏற்கனவே அறிந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்மாவட்டங்களில் எந்தத் தெருவில் எந்தப் பாட்டைப் போடலாம் என்பதற்கே வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் பெருமைப் பாட்டைக் குழாயில் அலறவிட்டு நம்மைச் சீண்டிய கொடைகளும் ஊர்வலங்களும் எத்தனை! நாம் நம்ம தலைவர்கள் பேரைச் சொல்லும் பாட்டைப் போட்டால் 'ஒலியைக் குறை' என்று போலீஸ் வரும். இப்படிப் பாட்டுக்கெல்லாம் சாதி ஒட்டியிருந்த ஊரில், சுராங்கனி எந்தத் தெருவிலும் ஒலித்தது. ஏனென்றால் அது யாருக்கும் சொந்தமில்லை. பாதி வார்த்தை சிங்களம். சுராங்கனி என்பது சிங்களப் பொண்ணு பேர். மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்கிற பாட்டு அது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடி அது சினிமாவுக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராவில் அது இல்லாமல் கச்சேரி முடியாது. யாருடைய பெருமையையும் பாடாத பாட்டு. மீசை, அரிவாள், குலம், கோத்திரம் எதுவும் அதில் இல்லை. மீன் இருக்கிறது, பொண்ணு இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, யாருக்கும் சொந்தமில்லாத பாட்டு என்றால் அது ஆகாசத்திலிருந்து விழுந்ததா? இல்லை.

அந்த இசைக்குப் பைலா என்று பேர். போர்த்துகீசிய மொழியில் ஆடுவது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 1505இல் போர்த்துகீசியர் இலங்கையில் கால் வைத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பு மக்களை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவந்து இறக்கினார்கள். பின்னால் வந்த டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அதையே செய்தார்கள். அந்த மக்களைக் 'காப்பிரி' என்றார்கள். காப்பிரி என்ற சொல்லை நம் பாட்டிமார் பிள்ளைகளை மிரட்டப் பயன்படுத்தியதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி வரப்பட்ட மனுசர்கள் இருக்கிறார்கள். புத்தளம் பக்கம் சிறாம்பையடியில் அவர்களின் வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல், கொட்டு என்று கையில் கிடைத்ததை எல்லாம் தட்டி மஞ்சா என்ற பாட்டைப் பாடுகிறார்கள். அவர்களிடமும் பறங்கியரிடமும் புழங்கிய ஆட்டப் பாட்டுகளிலிருந்து 1940களில் வாலி பஸ்தியன் பைலாவைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். எம். எஸ். பெர்னாண்டோ அதை வீடு வீடாகக் கொண்டுபோனார். 1960களின் கடைசியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினம், மனோகரன் போன்றவர்கள் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள்.

பெர்னாண்டோ என்ற பேரைக் கேட்டதும் நம்ம கரைக்காரர்களுக்கு ஒன்று தட்டும். 1530களில் இந்தக் கரையின் பரதவர்கள் போர்த்துகீசியரிடம் ஞானஸ்நானம் வாங்கினார்கள். பெர்னாண்டோ, மச்சாடோ, ரோச் என்று அந்தக் கப்பல் விட்டுச்சென்ற பேர்கள் தூத்துக்குடியிலும் புன்னைக்காயலிலும் இன்றும் இருக்கின்றன. ஒரே கப்பல் கூட்டம் இந்தக் கரைக்குப் பேரைக் கொடுத்தது, அந்தக் கரைக்கு அடிமைகளைக் கொண்டுபோனது. அந்த அடிமைகளின் தாளம் நானூறு வருசம் கழித்து ரேடியோ வழியாக இந்தக் கரைக்கு வந்து, தனிக் கிளாஸில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் காலை ஆட வைத்தது. வந்த வழி நெடுகிலும் அதை 'தரக்குறைவு' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கொழும்பில் சுத்த இசைக்காரர்கள் பைலாவைக் குடிகாரர்கள் பாட்டு என்றார்கள். இங்கே குத்துப்பாட்டு என்று நம்ம ஆட்டத்தைச் சொல்வது மாதிரிதான்.

அடிமைகளின் தாளம் என்றதும் உடனே புல்லரித்துப்போய், 'ஆகவே பைலா ஒரு கலக இசை' என்று கோஷம் போட்டுவிட வேண்டாம் தோழர்களே. கேள்வி இனிமேல்தான் கடினமாகிறது.

பிரெடரிக் டக்ளஸ் என்ற கறுப்பர் அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1845இல் தன் கதையை எழுதினார். அடிமைகள் பாடுவதைப் பார்த்துவிட்டு அவர்கள் சந்தோசமாக இருப்பதாக நினைப்பதைப் போல் பெரிய தப்பு இல்லை என்று அதில் சொல்கிறார். மிகவும் வேதனையில் இருக்கும்போதுதான் அதிகம் பாடினார்களாம். இதை நாம் நன்றாகவே புரிந்துகொள்வோம். 'அவனுவளுக்கென்ன, குடிச்சமா ஆடினமான்னு சந்தோசமாத்தான கெடக்கானுவ' என்று ஆதிக்கசாதிக்காரன் சொல்லும் வசனம் நம் காதுக்குப் புதுசா? நம்ம ஆட்டமும் பாட்டமும் நமக்கு எதிரான சாட்சியாகவே கூண்டில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கூலி உயர்வு கேட்டால், 'கொடைக்குச் செலவழிக்கக் காசிருக்கு, கூலி பத்தலையாக்கும்' என்பான்.

அம்பேத்கர் இந்த ஆபத்தைப் பார்த்தவர். மராத்திய தமாஷாக் கூத்தில் மகர் பெண்களை ஆடவைத்துப் பேரும் பணமும் சம்பாதித்த பட்டே பாபுராவ் என்ற பிராமணக் கலைஞர் இயக்கத்துக்கு நன்கொடை கொடுக்க வந்தபோது அம்பேத்கர் அதை வாங்க மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. நம் பெண்களின் உடம்பை ஆட்டிவைத்து வந்த காசு வேண்டாம் என்பது அதன் பொருள். அதே அம்பேத்கர் தன் கடைசிக் காலங்களில் வயலின் கற்றுக்கொண்டார். அரசியல் சட்டம் எழுதிய விரல்கள் வில்லைப் பிடித்தன. வயலின் எந்தப் போராட்டத்துக்கு உதவும் என்று அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மறுத்ததையும் கற்றதையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். யாருக்காக ஆடுகிறோம், யார் சொல்லி ஆடுகிறோம் என்பதுதான் அவர் இரண்டு இடத்திலும் பார்த்த கணக்கு.

தமிழ்நாட்டில் இதே விவாதம் பறையை வைத்து நடந்தது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைப் போட்டு உடைத்த ஊர்கள் உண்டு. அதற்காக அடி வாங்கிய ஊர்களும் உண்டு. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய 1990களில் பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுப்போம் என்ற குரல் எழுந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையெடுத்து ஆடினார்கள். விடுவதா, எடுப்பதா என்று இரண்டு கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரு விசயத்தில் ஒற்றுமை இருந்தது. கலை என்றால் அது நம் அவமானத்துக்கோ நம் கோபத்துக்கோ பதில் சொல்ல வேண்டும் என்பது. அன்றைக்கு அது தேவைதான். ஆனால் அவமானமும் இல்லாமல் கோபமும் இல்லாமல் சும்மா ஆடின ஆட்டத்துக்கு அந்த விவாதத்தில் இடமில்லாமல் போயிற்று. நம்ம தன்வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். பசி இருக்கும், அடி இருக்கும், பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை இருக்கும். எல்லாம் உண்மை, எல்லாம் எழுதப்பட வேண்டியவை. கேட்டுத் துள்ளின பாட்டு எத்தனை பக்கங்களில் இருக்கிறது?

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேசிவிட வேண்டும். மனோகரனும் மற்றவர்களும் பாடிக்கொண்டிருந்த அதே வருசங்களில் இலங்கையில் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தில் பஞ்சமர்கள் டீக்கடைக்குள் போகவும் கோயிலுக்குள் போகவும் போராடிக்கொண்டிருந்தார்கள். 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். கே. டானியல் 'பஞ்சமர்' நாவலில் அந்த வாழ்க்கையை எழுதினார். டொமினிக் ஜீவா 'மல்லிகை'யை நடத்தினார். மலைநாட்டில் நம்ம சனம் கொழுந்து பறித்துக்கொண்டு நாடற்றவர்களாக இருந்தது. தமிழ்ப் பொப்பிசை இதை எல்லாம் பாடியதா? இல்லை. அது கொழும்பின், யாழ்ப்பாணத்தின் நடுத்தர வர்க்கத்து இளைஞர்களுடைய கொண்டாட்டம். மீனைப் பாடியது, மாமியாரைப் பாடியது, கள்ளைப் பாடியது. மனோகரன் நடித்து 1978இல் வந்த 'வாடைக்காற்று' இலங்கைத் தமிழ்ப் படம். செங்கை ஆழியான் நாவலை எடுத்து, வாடைக்காற்றுக் காலத்தில் தீவுக்கு வந்து வாடி போட்டு மீன்பிடிக்கும் தொழிலாளிகளின் கதையைச் சொன்னது. அவருக்கும் அந்த வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டு பேசவில்லை.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை உயிரோடு கொளுத்தினார்கள். அதற்குப் பிறகும் இங்கே கல்யாண வீடுகளில் சுராங்கனி போட்டு ஆடிக்கொண்டிருந்தோம். அதன் சிங்கள வார்த்தைகளுக்கு நமக்கு அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அங்கே ஒருவன் சிங்களச் சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரியாததால் தமிழன் என்று அடையாளம் காணப்பட்டுச் செத்தான். இங்கே அதே மொழி ஆட்டத்துக்கான சத்தமாக இருந்தது. ஒரே பாட்டில் இரண்டு மொழியையும் கலந்து ஒரு மனுசனால் சிரித்துப் பாட முடிந்த காலம் ஒன்று இருந்தது என்பது இன்றைக்குக் கேட்கும்போதுதான் உறைக்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட நாட்டில் அப்படிப் பாடினார்கள். அவர்கள் அரசியல் பேசவில்லை. ஆனாலும் சட்டம் பிரித்ததைப் பாட்டு ஒரே வாயில் வைத்திருந்தது.

ஆக, இந்தப் பாட்டு நம்மை விடுவித்ததா? கிடையாது. தனிக் கிளாஸ் அதனால் ஒழியவில்லை. கிளாஸை உடைத்தவர்கள் உடைத்ததால் ஒழிந்தது. பிறகு எதற்காக மனோகரன் செத்த பிறகு அந்தப் பாட்டைத் தேடினோம்?

ஏக்கம் என்று சொன்னால் பாதிதான் சரி. ஏக்கப்படுகிறவனுக்கு அந்தக் காலம் திரும்ப வேண்டும். நமக்கு அந்தக் காலம் வேண்டவே வேண்டாம். பண்ணையாரும் தபாலாபீஸ் லைசென்சும் கவிழ்த்திவைத்த கிளாசும் திரும்ப வர வேண்டும் என்று நாம் எதற்கு ஆசைப்பட வேண்டும்? 'அந்தக் காலம் மாதிரி வராது' என்று பெருமூச்சு விடும் உரிமை அந்தக் காலத்தில் உட்கார பெஞ்சு கிடைத்தவனுக்குத்தான் உண்டு. நாம் காலத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வந்தவர்கள்.

இன்றைக்கு அந்தக் குரலைக் கேட்கும்போது தெரிவது என்னவென்றால், அந்தக் கேடுகெட்ட காலத்துக்குள்ளேயும் நமக்கென்று சந்தோசம் இருந்தது என்பதுதான். அது உண்மையான சந்தோசம். ஆதிக்கசாதிக்காரன் சொல்லும் 'சந்தோசமாத்தான கெடக்கானுவ' என்பது வேறு. அவன் நம் சிரிப்பைக் காட்டி நம் காயத்தை மறுக்கிறான். நம்மீது பரிதாபப்படுகிற நல்லவர்கள் வேறு ஒன்றைச் செய்கிறார்கள். அவர்கள் நம் காயத்தைக் காட்டி நம் சிரிப்பை மறுக்கிறார்கள். அவர்கள் கதையில் நாம் எப்போதும் அழுதுகொண்டே இருக்க வேண்டும். அழுகை நின்றால் நாம் தலித்தாக இல்லாமல் போய்விடுவோம். இந்த இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். நம்ம சந்தோசத்துக்கு நாமே சாட்சி சொல்ல வேண்டும். அடி பட்டதற்குச் சாட்சி சொன்ன அதே வாயால், அதே துல்லியத்தோடு, எந்த வேப்பமரத்தடியில் எந்தப் பாட்டுக்கு ஆடினோம் என்றும் சொல்ல வேண்டும். முழு மனுசனாக இருந்தோம் என்பதற்கு வேறு எப்படி ருசு கொடுப்பது? வலி மட்டும் தெரிந்த உயிர் என்றால் வண்டி மாட்டுக்கும் வலி தெரியும்.

அந்தச் சாட்சியத்தில் பொய் கலக்கக் கூடாது. பாட்டு பேசாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாவிட்டபுரத்தைப் பாடாத பாட்டு என்று சொல்ல வேண்டும். காப்பிரி மக்களின் தாளம், அவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நடந்து வந்த தாளம் என்று சொல்ல வேண்டும். அதை எல்லாம் சொன்ன பிறகும் அந்தத் தாளத்துக்குக் கால் ஆடுகிறதே, அதையும் சொல்ல வேண்டும். பாட்டின் குறையைச் சொன்னால் சந்தோசம் பொய்யாகிவிடும் என்று பயப்படுவதற்கு ஒன்றுமில்லை. உப்பு உறைந்த காலுக்கு அந்தப் பயம் கிடையாது.

செத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பற்றிய கேள்வி இத்தோடு சேர்ந்ததுதான். பண்ணையார் சாவுக்கு அடித்ததைக் கடன் என்றார்கள். வெட்டியான் கடன், பறையன் கடன், வண்ணான் கடன் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தார்கள். கொடுத்ததே இல்லாத இடத்தில் திருப்பிக் கட்டச் சொன்ன கடன் அது. மனோகரன் விசயத்தில் எல்லாம் தலைகீழ். அவர் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. கொழும்பு ஒலிபரப்பு நிலையத்தில் பாட்டு ஓடியபோது புளியமரத்தடியில் நின்றவனை அவர் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. வாங்கியவனும் வாங்கினோம் என்று அன்றைக்கு எண்ணவில்லை. இப்படிக் கொடுத்தவனும் வாங்கியவனும் அறியாமல் கைமாறியதற்கு ஊர்க்கட்டுப்பாடு எதுவும் வசூல் போட முடியாது. அதைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்பது முழுக்க நம் இஷ்டம். இஷ்டமாக இருப்பதால்தான் அதற்கு நன்றி என்று பேர். ஊழியமாக அடித்த கைக்கு நன்றியாகத் தாளம் போடக் கிடைக்கிற சந்தர்ப்பம் சின்ன விசயமில்லை. சாவுக்கும் இசைக்கும் நடுவில் நம்மைக் கட்டிப்போட்டிருந்த கயிற்றை நாமே அவிழ்த்து, நாமே தேர்ந்தெடுத்த ஒரு ஆளுக்காகக் கொட்டுகிறோம்.

இதற்கு அந்த ஆள் நம்ம சாதியாக இருக்க வேண்டும் என்பதில்லை, நம்ம கட்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை, பெரிய மேதையாகவும் இருக்க வேண்டியதில்லை. சுராங்கனியை உலக மகா இசை என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. நம்மை மதிக்காத சபைகளிடம் சான்றிதழ் வாங்குவதற்காக அதைத் தூக்கிப் பிடித்தால் திரும்பவும் அவர்கள் திண்ணையில்தான் போய் நிற்போம்.

நம்ம தெருவில் எழுபது வயசுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளத்துக்குப் போன பெண்கள், மைக் செட் கட்டினவர்கள், தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பினவர்கள். அவர்களிடம் மாணவர்கள் பேட்டி எடுக்கப் போகிறார்கள், எடுக்க வேண்டும். 'உங்கள எப்படியெல்லாம் கொடுமப்படுத்துனாங்க?' என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதையும் கேட்க வேண்டும். எழுந்திரிக்கும் முன்னால் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: 'பாட்டா, ஒங்க காலத்துல எந்தப் பாட்டுக்கு ஆடுவீய? ஆச்சி, அளத்துல என்ன பாட்டு கேப்பீய?' முதல் கேள்விக்கு அவர்கள் பலமுறை பதில் சொல்லிப் பழகியிருப்பார்கள். இரண்டாவது கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் சொல்லத் தொடங்குவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.